சாவிக்கொத்து யாரிடம்?

வாசக நேயரே! உங்களை ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டுச் சாவிக்கொத்து யாரிடம் இருக்கிறது?

பீரோச் சாவியைக் கேட்கவில்லை. அது எந்த டப்பாவுக்குள் இருக்கிறதென்று உங்கள் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் கேட்பது கண்ணுக்குத் தெரியாத சாவிக்கொத்து. பாங்குக் கணக்கின் பாஸ்வேர்ட், செல்போனைத் திறக்கும் எண், இன்ஷ்யூரன்ஸ் பிரீமியம் எந்தத் தேதியில் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்ற விவரம், இவையெல்லாம் யார் தலைக்குள் இருக்கின்றன?

அந்தக் காலத்தில் வீட்டுக்குப் பெரியவளான பாட்டி இடுப்பில் கொத்தைச் செருகியிருப்பாள். அது மாமியாரிடமிருந்து மருமகளுக்கு மாறுகிற தினம் பட்டாபிஷேகத்துக்குச் சமானம். அதை முன்னிட்டு எத்தனையோ சண்டைகள் நடந்ததுண்டு. ஆனாலும் அதில் ஒரு சௌகரியம் இருந்தது. பாட்டி கண்ணை மூடினாலும் கொத்து இங்கேயே இருந்தது. தொலைந்து போனால் ஆசாரியைக் கூப்பிட்டுப் பூட்டை உடைக்கலாம். இந்தக் காலத்துச் சாவியோ, அதை வைத்திருந்தவர் போகும்போது அவருடனேயே போய்விடுகிறது.

எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடி மாளிகையில் ஸாப்ட்வேர் உத்தியோகம். பிறர் நுழைய முடியாதபடி கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போடுவதே அவர் தொழில். அவருடன் வேலை பார்த்தவர் ஒருவர், நாற்பது வயதுதான், மாரடைப்பில் போய்விட்டார். காரியங்கள் முடிந்த பிறகு துக்கம் விசாரிக்கப் போன என் சிநேகிதரிடம் அந்த வீட்டு அம்மாள் ஒரு செல்போனை நீட்டினாராம்.

"அண்ணா! இதை மட்டும் திறந்து கொடுங்கள். எந்தப் பாங்கில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அது கிடக்கட்டும். குழந்தை முதன் முதலில் நடந்ததை இதில்தான் படம் பிடித்து வைத்திருக்கிறார்."

சிநேகிதரால் திறக்க முடியவில்லை. "பூட்டுச் செய்கிறவனுக்கே திறக்கத் தெரியாதா?" என்று நான் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன கதை சுவாரஸ்யமானது.

கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்ட் வந்தது 1960-களின் ஆரம்பத்தில். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கலாசாலையில் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல!) பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரும் அவருடைய சகாக்களும், ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே சமயத்தில் உபயோகிக்க ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒரே வீட்டில் பல குடித்தனம் வந்தால் அவரவர் அறைக்குப் பூட்டு வேண்டுமல்லவா? அதற்குத்தான் ஆளுக்கு ஓர் இரகசியச் சொல். ஆனால் எல்லாருடைய சொல்லையும் அப்படியே ஒரு ஜாபிதாவாக எழுதி உள்ளே வைத்திருந்தார்கள். 1966-ல் ஒரு நாள் ஏதோ குளறுபடி நேர்ந்து, அன்றைய அறிவிப்பு வர வேண்டிய இடத்தில் அந்த ஜாபிதா முழுவதும் வந்துவிட்டது. உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் ஊரார் இரகசியம் அச்சடித்துக் கிடைத்தது!

இதற்குப் பரிகாரம் என்ன? இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரோஜர் நீடம் போன்றவர்கள் அந்தப் பத்தாண்டிலேயே ஒரு யுக்தி கண்டார்கள். சொல்லை அப்படியே வைத்தால்தானே ஆபத்து? அதை அரைத்து மாவாக்கி, மாவை மட்டும் வைத்துக்கொள்வது. நீங்கள் மறுபடி சொல்லைத் தட்டினால் கம்ப்யூட்டர் அதையும் அரைத்து, மாவோடு மாவை ஒத்துப் பார்க்கும். மாவைத் திருடினவன் அதிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. கம்பெனிக்காரனாலேயே முடியாது. செல்போனில் இன்னும் கட்டுத்திட்டம். உள்ளே இருக்கும் படமும் கடிதமும் சங்கேதமாக மாற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. தப்பான எண்ணைப் பல தடவை தட்டினால் மணிக்கணக்கில் காக்க வைக்கும். சில போன்கள் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடும்படிகூட ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

"பிரமாதமான பூட்டுத்தான். ஆனால் திருடனுக்கும் பெண்டாட்டிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லையே!" என்றார் சிநேகிதர். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அன்று இரவே தம் மனைவியிடம் கணக்கு வழக்கையெல்லாம் சொல்ல உட்கார்ந்தாராம். "எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், "முதலில் வாயைக் கழுவிக்கொண்டு வாருங்கள்!" என்று அந்த அம்மாள் எழுந்து போய்விட்டார். நம் வீடுகளில் இந்தப் பேச்சு என்றைக்கும் முதல் வாக்கியத்தைத் தாண்டுவதில்லை. அவர் ஆயுசு கெட்டியாக இருக்க வேண்டும் என்ற பிரியத்தினால்தான் காதைப் பொத்திக்கொள்கிறோம். அந்தப் பிரியமே பிற்பாடு நம்மைப் பாங்கு வாசலில் திண்டாட வைக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர் வேறு உபாயம் செய்தார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் கிராப் காகிதத்தை வாங்கி ஒரு நேர்கோடு போட்டார். "இந்தக் கோடு நடு அச்சை வெட்டுகிற இடம்தான் இரகசிய எண். கோட்டை அழித்துவிட்டு, அதிலிருந்த ஒரு புள்ளியை அம்மாவிடமும் ஒன்றை உன்னிடமும் கொடுக்கிறேன். ஒரு புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு கோட்டைக் கண்டுபிடி, பார்க்கலாம்!" என்றார். ஒரு புள்ளி வழியாக எத்தனை கோடு வேண்டுமானாலும் போகுமே! இரண்டு புள்ளியும் சேர்ந்தால் ஸ்கேலை வைத்து ஒரு நொடியில் போட்டுவிடலாம். 1979-ல் ஆதி ஷமிர் என்ற இஸ்ரேல் தேசத்துக் கணித நிபுணர் இந்த அடிப்படையில் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். இரகசியத்தைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது எப்படி என்பதுதான் விஷயம். தனியாக ஒருவர் திறக்க முடியாது. குறித்த எண்ணிக்கையினர் கூடினால் திறக்கும்.

சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "இதற்குக் காகிதம் எதற்கு? பாங்கு லாக்கரைத் திறக்க நம் சாவியோடு அவர்கள் சாவியும் வேண்டியிருக்கிறதே, அந்த மாதிரிதானே?" என்றாராம். பிறகு ஒரு போடு போட்டார்: "உங்கள் சாவியைச் சொல்ல வந்துவிட்டீர்கள், சரி. என் சாவியை என்றைக்குக் கேட்கப் போகிறீர்கள்? சின்னவனுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? உங்கள் அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை காலையிலா, ராத்திரியிலா? ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது? சொல்லுங்கள்!"

சிநேகிதர் நூற்றுக்கு ஐந்து மார்க்குக்கூட வாங்கவில்லை.

வாசகர்களே, நான் சொல்ல வந்ததும் இதுதான். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு சாவிக்கொத்துகள் இருக்கின்றன. ஒன்று பணத்தைத் திறப்பது. மற்றது அன்றாட வாழ்க்கையை நடத்துவது. இரண்டுமே பெரும்பாலும் ஒரே ஒருவர் தலைக்குள் கிடக்கின்றன. சிநேகிதர் வீட்டில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. மனைவி அதன் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, நாலு மூலைக்கும் மஞ்சள் தடவியிருக்கிறார். முன் பாதி அவர் எழுதியது. பின் பாதி இவர் எழுதியது.

அதில் என்ன எழுதலாம்? பின் எண்ணையும் ஓ.டி.பி.யையும் யாருக்கும் சொல்லாதே என்று பாங்குக்காரர்கள் சொல்வது நியாயமானது. அவற்றை எழுத வேண்டாம். எந்தப் பாங்கு, எந்தக் கிளை, எந்த இன்ஷ்யூரன்ஸ், எவ்வளவு கடன், காகிதம் எந்தப் பெட்டியில் என்பது போதும். போனைத் திறக்கும் எண்ணை மட்டும் ஒட்டிய கவரில் போட்டுப் பீரோவில் வைக்கலாம்.

முக்கியமாக, நாமினி பெயரைச் சரி பாருங்கள். கலியாணத்துக்கு முன் திறந்த கணக்கில் காலமாகிவிட்ட தகப்பனார் பெயரே இன்னும் இருக்கலாம். 2025 நவம்பர் 1 முதல் பாங்குக் கணக்குக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான். அது வாரிசுகளைச் சேர வேண்டிய சொத்து என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் யாரும் தொடாத டிபாசிட் ரிசர்வ் பாங்கின் நிதிக்குப் போய்விடும். ஆனாலும் உரியவர் பிறகு கேட்டு வாங்கலாம். அப்படிப்பட்ட பணத்தைத் தேடிப் பார்க்க 2023-ல் 'உத்கம்' என்ற இணையதளம் வந்திருக்கிறது. படங்களுக்கும் கடிதங்களுக்கும் கூகிள் 2013-லும் ஆப்பிள் 2021-லும் வழி செய்திருக்கின்றன. நமக்குப் பின் யாரிடம் சேர வேண்டும் என்று குறித்து வைக்கலாம். ஆனால் உயிரோடு இருக்கும்போது நாமேதான் குறிக்க வேண்டும்.

அந்த அம்மாளுக்கு, பல மாதம் அலைந்து சர்ட்டிபிகேட்டுகளைக் காட்டிய பிறகு, பாங்குப் பணம் வந்து சேர்ந்தது. செல்போன் திறக்கவில்லை. இன்றைக்கும் தினம் இரவில் அதற்குச் சார்ஜ் போட்டு வைக்கிறாராம்.

இந்த வாரத் தொடர்கதை எங்கும் ஓடிவிடாது, ராத்திரி படித்துக்கொள்ளலாம். முதலில் குழந்தையிடம் கேட்டு ஒரு பழைய நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எதிரில் உங்கள் வீட்டுக்காரரையோ வீட்டுக்காரியையோ உட்கார வையுங்கள். "எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். "உன் சாவியைச் சொல்" என்று ஆரம்பியுங்கள்.