முள் மெய்யுரைத்தல் வேண்டும்

பழைய மோட்டார் சைக்கிளைத் திருத்துவிப்போர் முதலில் எஞ்சினைக் கவனிப்பர். அடுத்துச் சில்லையும் பிறேக்கையும் கவனிப்பர். கையிற் பணம் மிஞ்சினால் வர்ணமும் பூசுவிப்பர். வேகத்தையும் தூரத்தையும் காட்டும் மீற்றரையோ பொருட்படுத்துவார் அரியர். “மீற்றர் வேலை செய்யாவிட்டால் வண்டி நின்றுவிடுமா?” என்பது அவர்தம் வினா. நின்றுவிடாது என்பது மெய்யே. ஆயினும் மீற்றரைத் திருத்துதல் வேண்டும் என்பதும், திருத்துங்கால் அதனை அழகுபடுத்துதல் போதாது, மெய்யுரைக்கச் செய்தல் வேண்டும் என்பதுமே நாம் இம்மலர் வாயிலாக வற்புறுத்த விழைவன.

இப்புறக்கணிப்பு நம்மிடையே வேரூன்றியதற்குத் தக்க காரணம் உண்டு. 1990களிற் பொருளாதாரத் தடை வன்னியை வருத்திய காலத்தில் பெற்றோல் அரும்பொருளாயிற்று. சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினை எழுப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பற்றறிக்கும் தட்டுப்பாடு. வண்டி ஓடுவதே பெரும்பேறாயிருந்த அந்நாளில் மீற்றரை யார் நினைப்பர்? கண்டாவளையிலிருந்து முரசுமோட்டை வழியாகப் பரந்தனுக்குச் செல்லும் வழி குண்டுங் குழியுமாய்க் கிடந்தமையின் வேகமும் தானே அடங்கிற்று. 2009 இன் பின்னர் ஏ9 பாதையும் பரந்தன்–முல்லைத்தீவுப் பாதையும் செப்பனிடப்பட்டன. பாதை மாறிற்று; பழக்கம் மாறவில்லை.

மீற்றரின் அமைப்பு அறிதற்கு எளியது. ஒற்றோ சூல்ட்சே என்னும் ஜெர்மானியர் 1902 ஆம் ஆண்டில் உரிமைப்பட்டயம் பெற்ற முறையே பெரும்பாலான பழைய வண்டிகளிற் காணப்படுவது. சில்லின் சுழற்சியை ஒரு கேபிள் மீற்றருக்குட் கொண்டுசெல்ல, அங்கே ஒரு காந்தம் சுழல்கின்றது. அதனைத் தொடாமற் கவிந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் மின்னோட்டம் தோன்றிக் கிண்ணத்தைத் திருப்ப முயல்கின்றது. நுண்ணிய சுருள்வில் ஒன்று அதனைப் பின்னிழுக்கின்றது. இவ்விரு விசைகளும் ஒத்து நிற்குமிடமே முள் காட்டும் வேகம். தூரத்தைக் காட்டும் இலக்கச் சில்லுகளோ பற்சில்லுகளால் நேரே இயங்குவன. அவற்றுக்குக் காந்தமும் வில்லும் வேண்டுவதில்லை.

இவ்வேறுபாட்டை அறிந்தாற் பழுதின் இருப்பிடத்தை எளிதில் அறியலாம். முள்ளும் இலக்கமும் ஒருங்கே நின்றுவிட்டாற் பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும். அன்றேல் அதன் நுனி தேய்ந்திருக்கும். முள் நடுங்கினாற் கேபிள் கிறீஸ் வற்றி உராய்கின்றது எனக் கொள்க. கிறீஸை அளவுக்கு மிஞ்சி இட்டாலோ அது மேலேறி மீற்றரின் உள்ளே புகுந்து முள்ளைப் பற்றிக்கொள்ளும். வேறு வண்டியின் மீற்றரைப் பூட்டினால் முள் ஆடும், இலக்கமும் ஓடும், ஆனால் இரண்டும் பொய் கூறும். ஒரு மைலுக்கோ கிலோமீற்றருக்கோ கேபிள் எத்தனை முறை சுழலவேண்டும் என்ற கணக்கு வண்டிக்கு வண்டி வேறுபடுவதே அதற்குக் காரணம். பழைய பிரித்தானிய வண்டியாயின் அதன் முள் காட்டுவது மைல் என்பதையும் மறவற்க. அங்கே 40 என்பது 64 கிலோமீற்றராகும்.

நம் அநுபவம் ஒன்றைக் கூறுதும். நமது வண்டியின் மீற்றர் பல்லாண்டு அசையாதிருந்து, புதுக் கேபிள் இட்டதும் ஆடத் தொடங்கிற்று. கண்ணாடியையும் துலக்குவித்து மகிழ்ந்திருந்தோம். ஒருநாட் காலை வாகனம் குறைந்த வேளையிற் கிலோமீற்றர்க் கற்களைக் கொண்டு அதனைச் சோதித்தோம். முள்ளை 40 இல் நிலையாக நிறுத்தி ஓட்டினால் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லை அடைய 90 செக்கன் செல்லவேண்டும். பின்னே அமர்ந்து மணிக்கூட்டைப் பார்த்துவந்த நண்பரோ 72 செக்கன் என்றார். அஃதாவது, நாம் ஓடியது 50. இலக்கம் மட்டும் சரியாக ஒரு கிலோமீற்றர் நகர்ந்திருந்தது. ஆகவே கேபிளிலும் பற்சில்லிலும் குற்றமில்லை. காந்தமோ வில்லோ கெட்டிருந்தது.

பத்துக் கிலோமீற்றர் வேறுபாடு பெரிதா என்று வினவலாம். பிறேக் பிடித்த பின் வண்டி ஓடி நிற்குந் தூரம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. 40 இல் 48 அடியில் நிற்கக்கூடிய வண்டி, அதே பிறேக்கில், 50 இல் 75 அடி ஓடியே நிற்கும். அந்த இருபத்தேழு அடிக்குள் ஒரு குழந்தை நிற்கலாம். ஒரு மாடு நிற்கலாம். செத்த மீற்றரை நம்புவார் இல்லை. அதனை உடையவன் தன் கண்ணையும் காதையும் நம்பி நிதானிப்பான். பொய்யுரைக்கும் மீற்றரோ நம்பிக்கையை ஊட்டி நம்மைக் கெடுப்பது. ஆதலாற் பாதி திருத்திய மீற்றர் திருத்தாத மீற்றரினும் தீயது என்போம்.

பின்னர்த் தேர்ந்த கைவினைஞர் ஒருவர் அதே வகை மீற்றர் ஒன்றின் காந்தத்தையும் கிண்ணத்தையும் எடுத்து நமதிற் பொருத்தினார். அவ்வேளை உதவிக்கு நின்ற இளைஞன், “சேர், நம்பரையும் குறைச்சு விடவோ? விக்கேக்கை நல்ல விலை வரும்” என்றான். அவன் கெட்டவன் அல்லன். கேட்பார் பலர் இருப்பதாலேயே அவ்வாறு கேட்டான். வேண்டாமென்று மறுத்தோம். அந்த இலக்கத்துள் 2008 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து சென்ற வழியும் அடங்கியிருந்தது. வண்டி பின்னர்த் துருவேறிய நிலையில் மீண்டு வந்து, மீற்றர் செத்திருந்த ஆண்டுகளில் ஓடிய தூரமோ அதில் இல்லை. அக்குறையை வண்டிப் புத்தகத்தோடு வைத்த ஒரு தாளில் எழுதினோம். வாங்குவோன் அதனைப் படித்து விலையைக் குறைப்பானாயின் குறைக்கட்டும். தேய்ந்த எஞ்சினைத் தேயாததென நம்பி வாங்கி, நடுவழியிற் குடும்பத்தோடு நிற்பவன் நம் ஊரவனாகவே இருப்பான்.

இது கற்பித்தற் தொழிலில் உள்ள நமக்கும் ஒரு பாடம். மாணவனின் தேர்ச்சி அறிக்கையும் ஒரு மீற்றரே. பெற்றோர் மனம் மகிழப் புள்ளியை உயர்த்தி எழுதுவோமாயின், முள்ளைக் கையால் நகர்த்தியவர் ஆவோம்.

பழைய மாணவர்களுள் எஞ்சின் வேலை வல்லார் பலர் உளர். தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய கைத்திறன் அவர்களோடு மறைந்துவிடலாகாது. உயர்தர வகுப்பில் 2013 ஆம் ஆண்டு முதல் தொழினுட்பப் பிரிவும் அமைந்துள்ளது. ஆண்டுக்கொருநாள் ஆசிரியரும் பெற்றோரும் தம் பழைய வண்டிகளைக் கல்லூரிக்குக் கொணர, அக்கைவினைஞர் மீற்றரைத் திறந்து காட்ட, மாணவர் கல்லையும் மணிக்கூட்டையும் கொண்டு கணக்கிட்டு ஒவ்வொரு மீற்றரின் பிழையையும் எழுதிக் கொடுப்பாராக. செலவு சிறிது, பயன் பெரிது. விழா முடிந்து தோரணம் அவிழ்த்த பின்னும் நிலைக்கத்தக்க பணி இஃதெனக் கருதுகின்றோம்.