கட்டங்களைப் பழிப்போருக்கு

குறுக்கெழுத்துப் புதிர் பொழுதைக் கொல்வோரின் விளையாட்டு; வகுப்பறையில் அதற்கு இடமில்லை என்று கூறும் ஆசிரியர்கள் நம்மிடையே உளர். சூதாட்டத்தின் தங்கை என்றுகூடச் சிலர் பழிப்பர். பழிக்குக் காரணம் இல்லாமலில்லை. 1913இல் நியூயார்க் நாளிதழொன்றில் ஆர்தர் வின் என்பார் தொடங்கிய இப்புதிர், 1930களில் ஆனந்த விகடனில் பரிசுப் போட்டியாக வந்து தமிழர் வீடுகளுக்குள் நுழைந்தது. இத்தகைய போட்டிகள் பெருகவே, இந்திய அரசு 1955இல் சட்டமியற்றி, மாதப் பரிசு 1000 ரூபாயைத் தாண்டலாகாது என வரம்பு கட்டியது. குற்றம் பணத்தினுடையது. கட்டம் என்ன பாவம் செய்தது?

தமிழ்ப் புதிரில் கட்டத்துக்கு ஓர் எழுத்து. மெய்க்கும் தனிக்கட்டம் உண்டு. 'பறவை' குறுக்கே செல்ல, அதன் நடுவெழுத்தை ஊடறுத்துச் 'சிறகு' கீழிறங்குகிறது எனக் கொள்வோம். மாணவன் 'பரவை' என எழுதினால் நாம் சிவப்பு மையைத் தேட வேண்டியதில்லை. 'சிரகு' என நின்று கட்டமே அவனைத் திருத்திவிடும். 'தோட்டம்' என்னும் சொல்லின் இரண்டாம் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொடங்கிப் பாருங்கள்; இயலாது. மெய்யெழுத்து மொழிமுதல் வாராது என்னும் விதியை மனப்பாடம் செய்யாத சிறுவனும் அதனை அங்கே உணர்வான். மூன்றாம் கட்டத்து டகரமும் அவ்வாறே. ரகரம், லகரம் ஆகியவற்றுக்கும் அதே தடைதான். நம்மை வாழ்வித்த ரப்பரும் வாட்டிய லயமும் அவ்விதியை மீறி வந்தவை என்பது வேறு.

இலக்கணப் பயனை மட்டும் கூறி நிறுத்தினால் அது பாதி உண்மையே. ஒரே ஞாயிறு மலரை நான்கு வீட்டார் பகிர்ந்து படித்த தோட்டத்தில் வளர்ந்தவன் நான். பென்சில் அப்பாவின் கையில். எழுத்தெண்ணும் வேலை எனக்கு. 'நெல் குத்த உதவுவது, நான்கெழுத்து' என்று படித்தால், எழுத்தறியாத என் பாட்டி அடுப்படியிலிருந்தே 'உலக்கை' என்பார். நிரம்பாத ஒரு கட்டத்தை மனத்தில் சுமந்து மறுநாள் பெரட்டுக்குச் சென்ற அப்பா, மங்கிலிருந்து பால் எடுக்கையில் விடை தோன்றியதென நண்பகலில் வந்து கூறியதுண்டு. இன்றும் 'உலக்கை' ஏதேனும் புதிரில் அமைந்தால் பாட்டியின் குரலே முதலில் கேட்கிறது. அகராதியில் கற்ற சொற்களுக்கு அந்தக் குரல் இல்லை.

நாம் வகுப்பில் தருவது என்ன? எழுத்துக் குவியலுள் ஒளிந்த சொற்களை வட்டமிடச் சொல்லும் பயிற்சித்தாள். தேட வேண்டிய சொற்களையும் அடியிலேயே அச்சிட்டு விடுகிறோம். கண்ணுக்கு வேலை உண்டு, நெஞ்சுக்கு ஏது? இதழ்ப் புதிர்களைப் பார்த்து அமைப்போரும் ஒன்றை விலக்க வேண்டும். சொல் பொருந்தாத இடத்தில் 'திரும்பியுள்ளது', 'குழம்பியுள்ளது' என்று குறிப்பிட்டு ஒப்பேற்றுவது, அமைப்பவர் தம் இயலாமையைத் தீர்ப்பவர் தலையில் சுமத்தும் செயலாகும்.

ஐந்தாம் ஆண்டு மாணவரிடம் வெறுங்கட்டங்களைக் கொடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்த சொற்களைக்கொண்டு அவர்களே புதிரை அமைத்து வரட்டும். 'இது தேர்வில் வருமா?' என்று கேட்கும் ஆசிரியரை நானும் ஒன்று கேட்கிறேன்: 'பெரட்டு' என்னும் சொல்லை அந்த மாணவன் வேறு எங்கிருந்து அறிவான்?