மலைவலமும் நாய்க்கயிறும்

இங்கிலாந்து தேசத்தின் வடமேற்கே ஏரிகள் மலிந்த மலைநாடொன்று உளது. ஆங்கு ஆம்பிள்சைடு என்னும் சிற்றூரினின்று காலையிற் புறப்பட்டு, எட்டுச் சிகரங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து, மாலையில் அவ்வூருக்கே மீளலாம். குதிரைலாடம்போல் வளைந்த அத்தொடரின் நடுவே 873 மீட்டர் உயர்ந்து நிற்பது பேர்பீல்டு. நடை ஏறக்குறையப் பத்து மைல். பலர் தம் நாயையும் உடன்கொண்டு செல்வர். செல்லட்டும், களைப்பென்று முறையிடாத துணை வேறு கிடைப்பதரிது. ஆயின் மலைமேல் அந்நாயைக் கயிற்றினின்று அவிழ்த்துவிடலாமோ என்பதே வினா.

ஆகாது என்பதே எம் துணிபு.

"வேலியுமில்லாத வெளியில் வாயில்லாப் பிராணிக்குச் சற்றே சுதந்தரம் கொடுத்தாலென்ன?" என்பாருளர். வேலி இல்லாமையே யாம் கூறும் காரணம். அம்மலைகளில் மேயும் ஆடுகள் தத்தம் மேய்ச்சலெல்லையைத் தாமே அறிவன. தாய் மேய்ந்த சரிவிற் குட்டி மேயும்; அது வளர்ந்து ஈன்ற குட்டியும் அச்சரிவிலேயே மேயும். இங்ஙனம் வழிவழி வந்த நினைவே ஆங்கு வேலியாம். 2001ஆம் ஆண்டிற் கோமாரி பரவி, அதனை அடக்குவான்வேண்டி மந்தை மந்தையாக ஆடுகள் கொல்லப்பட்டபோது, அந்நினைவும் உடன் மாய்ந்தது. புதிதாய் விட்ட ஆடுகளுக்கு எல்லை பழக்க இடையர் பட்ட பாடு பெரிது. நாய் விளையாட்டாகத் துரத்தினும் மந்தை சிதறும். சினையாடு கருவழியவும் கூடும். "எம் நாய் கடிக்கவில்லையே" என்பது விடையாகாது.

2000ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பொதுமக்கள் உலவ உரிமைபெற்ற வெளிநிலங்களில் மார்ச்சு முதல் தேதியினின்று ஜூலை இறுதிவரை நாயை இரண்டு மீட்டர்க் கயிற்றிற் பிணித்தல் வேண்டும் என்கிறது. ஆடுமாடுகளின் அருகே எக்காலத்தும் பிணித்தல் வேண்டும். இதனைக் கொடுமையென்பார்க்கு யாம் யாது கூறுவது!

நாயன்பர் 1805ஆம் ஆண்டு நிகழ்ச்சியை எடுத்தோதுவர். பேர்பீல்டுக்கு வடக்கேயுள்ள ஹெல்வெலின் மலையில் சார்லஸ் கௌ என்பவர் இறந்துபட, மூன்று மாதத்தின் பின் அவருடல் காணப்பட்டபோது அவர் நாய் அருகேயே இருந்தது. வோர்ட்ஸ்வொர்த்தும் ஸ்காட்டும் அதனைப் பாடினர். நாயின் விசுவாசத்தை யாம் ஐயுறவில்லை. அதனையுடையானது கடமையைப்பற்றியே பேசுகின்றோம்.

மேலும், பேர்பீல்டின் உச்சி அகன்ற சமநிலம். மூடுபனியில் மாந்தரே திசை மயங்குவர். வடபுறமோ செங்குத்துப் பாறை. ஆட்டின்பின் ஓடும் நாய்க்கு அது தெரியுமோ?