ஒழுகுவது யார் வீட்டுக் கூரை?

கோவை சிங்காநல்லூரில் வீட்டுவசதி வாரியம் 1980-களில் கட்டிய 960 வீடுகள் காலப்போக்கில் காரை பெயர்ந்து, கம்பி துருப்பிடித்து நின்றன. இடித்துக் கட்டலாம் என்றால் ஆளுக்கொரு பேச்சு. தோட்டத்து வரப்பில் நாலு பங்காளிகள் ஒத்துப்போவதே கொங்குநாட்டில் பெரும்பாடு. இங்கே 960 கையெழுத்து!

அடுக்குமாடியில் இதுதான் சங்கடம். மொட்டைமாடி ஒழுகினால், தரைத்தள வீட்டுக்காரருக்கு அது மேல்வீட்டுக்காரர் பாடு. மனையிலோ எல்லோருக்கும் பிரிக்கப்படாத பங்கு உண்டு.

தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்கிறது. நல்ல மாற்றம்தான்.

ஆனால், மறுக்கிறவர்கள் எல்லோரும் வம்புக்காரர்கள் அல்லர். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிற முதியவர், கட்டி முடியும்வரை எங்கே போவார்? வாடகைத் தொகையும் சாவி தரும் தேதியும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருந்தால், அவரும் கையெழுத்துப் போடுவார்.