பூந்தோட்டத்துக்கு அடியில் ஒரு குவாரி

கனடா நாட்டின் மேற்குக் கரையில் வான்கூவர் தீவு இருக்கிறது. அங்கே விக்டோரியா நகரத்துக்கு வடக்கே புட்சார்ட் தோட்டம் என்று ஒரு பிரசித்தமான பூந்தோட்டம். வருஷத்துக்குப் பத்து லட்சம் பேர் வரை சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 2004-ல் கனடா சர்க்கார் அதைத் தேசியச் சரித்திரச் சின்னமாக்கியது. தோட்டத்தின் பெருமையெல்லாம் அதன் நடுவிலுள்ள பள்ளத் தோட்டத்தில்தான். சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர், கீழே பூப்பாத்திகள். அந்தப் பள்ளம் இயற்கை தந்ததல்ல. ஒரு சிமிண்டு ஆலைக்காகத் தொழிலாளிகள் வெட்டிய சுண்ணாம்புக்கல் குவாரி அது!

அந்தக் கரை முதலில் சானிச் பழங்குடி மக்களின் கரை. 1904-ல் ராபர்ட் பிம் புட்சார்ட் என்ற முதலாளி அங்கே, டாட் இன்லெட் என்ற கடற்கழியின் ஓரம், சிமிண்டு ஆலை தொடங்கினார். கல்லும் பக்கத்தில், கப்பலும் பக்கத்தில். சிமிண்டு செய்வது எப்படி? பாறைக்கு வெடி வைக்க வேண்டும். கல்லை உடைத்துக் களிமண்ணோடு அரைக்க வேண்டும். 1,400 டிகிரிக்கு மேல் சூளையில் சுட வேண்டும். வெந்து வரும் கட்டியை மறுபடி மாவாக அரைக்க வேண்டும். வெடியும் வெக்கையும் தூசியும் தொழிலாளிக்கு. லாபம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

வேலை செய்தவர்கள் யார்? சீனத் தொழிலாளிகளும், நம் பஞ்சாபிலிருந்து கடல் கடந்து போன சீக்கியத் தொழிலாளிகளும் அவர்களில் இருந்தார்கள். வெள்ளையர் குடியிருப்பு ஒரு பக்கம். இவர்களுடைய கொட்டகைகள் வேறு பக்கம். கனடாவில் கால் வைக்கும் சீனத் தொழிலாளி தலைக்கு 500 டாலர் வரி கட்ட வேண்டும் என்று 1903-ல் சட்டம் வந்தது. இந்தியர்களின் ஓட்டுரிமையை 1907-ல் அந்த மாகாணச் சட்டசபை பறித்தது. சீனர்களுக்கோ 1870-களிலிருந்தே ஓட்டு இல்லை. இரு சாராருக்கும் அது திரும்பக் கிடைத்தது 1947-ல்தான். உழைக்கக் கை வேண்டும், ஓட்டுப் போடக் கை வேண்டாம்! இதுதான் அன்றைய நியாயம்.

சில ஆண்டுகளில் குவாரியில் கல் தீர்ந்தது. முதலாளியின் மனைவி ஜென்னி அம்மையார் அந்த வெறும் பள்ளத்தைத் தோட்டமாக்க முனைந்தார். பக்கத்து வயல்களின் மேல்மண் குதிரை வண்டிகளில் வந்து கொட்டப்பட்டது. மேல்மண்ணின் அருமையைப் பண்ணைத் தொழிலாளிக்கு நாம் சொல்லித் தர வேண்டுமா? ஆலைத் தொழிலாளிகளும் அதில் பாடுபட்டார்கள். 1921-ல் பள்ளத் தோட்டம் முடிந்தது. ஆலை பிறகு ஓடும் பூந்தொட்டியும் செய்து, 1950 வாக்கில் அதுவும் நின்றது. பழைய புகைபோக்கி ஒன்று மட்டும் இன்றும் நிற்கிறது.

அம்மையார் கயிற்றில் தொங்கியபடி பாறை இடுக்குகளில் கொடி நட்டார் என்று கதை சொல்கிறார்கள். சொல்லட்டும்; பூவை நாம் வெறுக்கவில்லை. புண்ணான நிலத்தை ஆற்றியது நல்ல காரியமே. ஆனால் அந்தப் பாறையை வெட்டியவன் எப்படித் தொங்கினான், எவ்வளவு கூலி வாங்கினான் என்றும் சொல்ல வேண்டாமா?

"கூலி கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது" என்று சிலர் வாதிக்கலாம். கூலி அன்றைய வேலைக்கு விலை. சரித்திரத்தில் தொழிலாளிக்குள்ள இடத்துக்கு அது விலை அல்ல. இவ்வளவு காலம் கழித்து இப்போதுதான் சில ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சீன, சீக்கியத் தொழிலாளிகளின் வாழ்க்கையைத் தேடிப் புத்தகமும் சினிமாவும் ஆக்கியிருக்கிறார்கள். நூறு வருஷம் தாமதம்!

நமக்கு இதில் பாடம் உண்டு. ஆலை மூடினால் முதலாளி தன் கணக்குப் புத்தகத்தைப் பத்திரமாக எடுத்துப் போவான். நம் கணக்கை யார் எழுதுவது? யார் எந்த வருஷம் வேலைக்கு வந்தார், எந்த விபத்தில் யார் கை போயிற்று, எந்தப் போராட்டத்தில் எவ்வளவு கூலி உயர்ந்தது — இவற்றை ஒவ்வொரு சங்கமும் இன்றே ஒரு நோட்டுப் போட்டு எழுத வேண்டும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும். நாம் எழுதாவிட்டால், நாம் வெட்டிய பள்ளத்தில் பூத்த பூவுக்கு வேறொருவர் பெயரைத்தான் வைப்பார்கள்.