மீனைப் பார்க்காதே, இரையை நிறுத்துப் பார்!

"பெரிய கம்பு வாங்கினால் பெரிய மீன் கிடைக்கும்!"

இப்படி நினைப்பவர்கள் ஏராளம். தூண்டில் சாமான் கடைக்குள் நுழைந்ததும் அவர்கள் கண் எங்கே போகிறது? இருப்பதிலேயே தடித்த கம்பின் மேல் போகிறது!

குன்றத்தூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் பரீட்சையில் தேறிவிட்டான். "அப்பா, தூண்டில் ராடு வாங்கித் தாருங்கள்" என்று கேட்கிறான். அப்பா சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கடைக்குப் போகிறார். ஒன்பது அடி நீளம், கட்டைவிரல் தடிமன். "சுறாவையே தூக்கும் சார்!" என்கிறார் கடைக்காரர். வாங்கியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் கரை. பையன் நரம்பின் நுனியில் சின்னஞ்சிறு தகர மீனைக் கட்டுகிறான். முழுப் பலத்தோடு வீசுகிறான். தகர மீன் எங்கே விழுந்தது? அவன் காலடியிலேயே விழுந்தது! பத்துத் தடவை வீசினான். பத்துத் தடவையும் அதே கதைதான். மாலையில் கம்பு பரண் மேல் ஏறியது. பணமும் போயிற்று, பையனின் ஆசையும் போயிற்று.

தவறு யாருடையது? பையனுடையதல்ல. கம்பு கெட்டதுமல்ல. இரைக்கும் கம்புக்கும் பொருத்தம் இல்லை. அவ்வளவுதான்!

உலக்கையால் கடுகை எறியலாமா?

தூண்டில் கம்பு ஒரு வில். வில் வளைந்தால்தான் அம்பு பறக்கும். கம்பைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசும்போது, நுனியில் தொங்கும் இரையின் எடை கம்பை வளைக்க வேண்டும். வளைந்த கம்பு நிமிரும் வேகத்தில்தான் இரை பறக்கிறது.

சிறிய போலி இரையின் எடை என்ன? மூன்று கிராம், ஐந்து கிராம், மிஞ்சினால் பத்துக் கிராம். ஒரு பவுன் எட்டுக் கிராம் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். அப்படியானால், வீசப்போகும் இரை அரைப் பவுன் எடைதான்! அரைப் பவுன் எடை, கட்டைவிரல் தடிமனான கம்பை வளைக்குமா? உலக்கையால் கடுகை எறிந்த கதைதான்.

ஆகவே, கம்பு வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு பெரிய மீன் பிடிக்கலாம்?" என்பதல்ல. "எத்தனை கிராம் இரையை வீசலாம்?" என்பதுதான்.

நெசவுக் கூடத்தில் பிறந்த யோசனை

இரை கட்டித் தூண்டில் போடுவது நம் நாட்டில் பழைய பழக்கம். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச். எஸ். தாமஸ் என்ற ஆங்கிலேயர், ஏரிகளில் தூண்டில் போடுவதைப் பற்றியே 1887-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். ஆனால் அரைப் பவுன் இரையை வெகு தூரம் வீச உதவும் இன்றைய ரீல் அன்று கிடையாது.

அன்றைய ரீலில் உருளை சுழன்றால்தான் நரம்பு வெளியே வரும். கனமான இரை உருளையை இழுத்துச் சுழற்றும். லேசான இரைக்கு அந்தச் சக்தி இல்லை.

இதற்கு வழி கண்டவர் மீனவர் அல்ல. இங்கிலாந்தில் பிராட்போர்டு நகரத்து ஜவுளி ஆலை அதிபர்! இல்லிங்வொர்த் என்பது அவர் பெயர். ஆலையில் நூல் கண்டின் நுனி வழியாக நூல் உருவி வருவதை அவர் கவனித்தார். கண்டு சுழலவில்லை, நூல் மட்டும் ஓடி வருகிறது! அதேபோல ஒரு ரீல் செய்து, 1905-ல் காப்புரிமை பெற்றார்.

குன்றத்தூர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. தறியில் ஓடும் நாடாவுக்குள் தார் சுழல்வதில்லை. நூல் மட்டும் அதன் நுனியிலிருந்து உருவி வருகிறது. அதே தத்துவம்தான்!

இந்த ரீலைப் பூட்டும் கம்புக்குக் கடையில் "ஸ்பின்னிங் ராடு" என்று பெயர். அடையாளம் சுலபம். ரீல் கம்புக்குக் கீழே தொங்கும். வளையங்களும் கீழ்ப்பக்கம் இருக்கும். ரீலுக்கு அடுத்த வளையம் பெரிது; நுனியை நோக்கிப் போகப் போகச் சிறிது. நரம்பு சுருள் சுருளாக வெளியே வருவதால், முதல் வளையம் அகலமாக இருந்தே ஆகவேண்டும்.

கம்பின் ஜாதகம்

கைப்பிடிக்கு மேலே கம்பின் ஜாதகம் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் பணத்தை எடுக்கக் கூடாது.

முதலில் நீளம். கரையிலிருந்து லேசான இரை வீச ஆறு முதல் ஏழு அடி போதும். சிறுவர்களுக்கு ஆறு அடியே நல்லது. இரண்டு துண்டாகப் பிரியும் கம்பானால் பஸ்ஸில் கொண்டுபோகலாம்.

அடுத்தது இரையின் எடை. "3 முதல் 10 கிராம்" என்பது போல இருக்கும். இதுதான் முக்கியம்! மூன்றும் பத்தும் எல்லைகள். நடுவில் உள்ள ஐந்து, ஆறு, ஏழு கிராம்தான் அந்தக் கம்புக்குப் பிடித்த எடை.

மூன்றாவது நரம்பின் பலம். லேசான கம்புக்கு நான்கு முதல் எட்டுப் பவுண்டு நரம்பு. தடித்த நரம்பைச் சுற்றினால் லேசான இரை தூரம் போகாது.

யு.எல்., எல்., எம்.எல். என்ற எழுத்துக்களும் இருக்கும். யு.எல். மிக மென்மை, எல். மென்மை, எம்.எல். அதற்கு அடுத்த படி. ஆனால் ஒரு கம்பெனியின் "எல்." இன்னொரு கம்பெனிக்கு "எம்.எல்." ஆக இருக்கலாம். எழுத்தை நம்புவதைவிடக் கிராமை நம்புவது மேல்.

பஞ்சுச் சோதனை

கடையிலேயே ரீலைப் பூட்டிப் பார்க்க வேண்டும். ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலால் தாங்கினால், கம்பு தராசு போல நிற்க வேண்டும். நுனி கீழே சாய்ந்தால், அரைமணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும்.

ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை விட்டுச் சுழற்ற வேண்டும். பஞ்சு இழை மாட்டிக்கொண்டால் வளையத்தில் கீறல் இருக்கிறது. இன்று பஞ்சை அறுப்பது நாளை நரம்பை அறுக்கும்!

கம்பு கண்ணாடி இழையா, கார்பனா? கண்ணாடி இழை சற்றுக் கனம், விலை குறைவு, அடிபட்டாலும் தாங்கும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அதுவே போதும். கார்பன் லேசானது, மீன் தொட்டால் உடனே கைக்குத் தெரியும். ஆனால் கல்லில் அடிபட்டால் விரிசல் விடும்.

இன்னொரு எச்சரிக்கையைப் பெற்றோர் மறக்கக் கூடாது. கார்பன் வழியாக மின்சாரம் பாயும்! மின்கம்பிக்குக் கீழே கார்பன் கம்பைத் தூக்குவது உயிருக்கு ஆபத்து. இடி மின்னல் வந்தால் எந்தக் கம்பானாலும் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு வந்துவிட வேண்டும்.

பெரிய மீன் மாட்டினால்?

"லேசான கம்பு ஒடிந்துவிடாதா?" என்று கேட்பார்கள். வளைகிற நாணல் வெள்ளத்துக்குத் தப்பும். கம்பு வளைந்து கொடுத்து மீனின் இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். ரீலில் ஒரு பிரேக் இருக்கிறது. நரம்பின் பலத்தில் கால் பங்கு இழுப்புக்கே இளகும்படி அதைத் திருகி வைத்தால், மீன் ஓடும்போது நரம்பு தானே வெளியே போகும். கம்பைச் செங்குத்தாக நிமிர்த்தி மீனைத் தூக்கினால்தான் நுனி ஒடியும்.

லேசான கம்பு எல்லாவற்றுக்கும் உதவும் என்பதும் சரியல்ல. குறவை, ஜிலேபி போன்றவற்றுக்கு அது தாராளம். தாமரைக் கொடிக்குள் பதுங்கும் பெரிய விராலுக்கு இன்னும் பலமான கம்புதான் வேண்டும். அங்கே இரையும் கனம், நரம்பும் தடிப்பு. மறுபடியும் அதே பாடம்: இரையைப் பார்த்துக் கம்பு!

பொருத்தமில்லாத கம்பு வீட்டுப் பணத்தோடு நிற்பதில்லை. எடைக்கு மீறி வீசினால் நரம்பு அறுந்து, முள்ளோடு தண்ணீரில் கிடக்கும். நைலான் நரம்பு எளிதில் மக்காது. கொக்கின் காலிலும் நாரையின் அலகிலும் அது சுற்றிக்கொள்ளும். அறுந்த நரம்பைக் கூடியவரை எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து துண்டு துண்டாக நறுக்கிப் போடுவதே மனிதத்தனம்.

இடமும் பார்க்க வேண்டும். குன்றத்தூருக்கு அருகில் உள்ள செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்குக் குடிநீர் தருவது. ஏரிகளில் மீன்பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவதும் உண்டு. அனுமதி கேட்காமல் எங்கும் தூண்டில் போடக் கூடாது. உபரிநீர் திறக்கும் காலத்தில் அடையாற்றுக் கரைப்பக்கமே போகக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு மீனை விட்டவர்

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். அவர் பாடிய பெரியபுராணத்தில் ஒரு மீனவர் வருகிறார். நாகப்பட்டினத்து அதிபத்தர். தினமும் கிடைக்கும் மீன்களில் ஒன்றை இறைவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் வழக்கம். பிறகு நாள்தோறும் ஒரே ஒரு மீன் கிடைக்கும் காலம் வந்தது. பட்டினி கிடந்தும் அந்த ஒன்றையும் விட்டார். கடைசியில் பொன் மீனே கிடைத்தது. அதையும் விட்டார்!

அவ்வளவு பெரிய மனம் எல்லோருக்கும் வராது. ஆனால் குஞ்சுகளைச் சுற்றிக் காவல் காக்கும் விராலையாவது விட்டுவிடலாம். தாயும் தகப்பனும் போனால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் விழுங்கிவிடும். அடுத்த வருஷம் ஏரியில் என்ன இருக்கும்?

லேசான கம்பு இந்தக் குணத்துக்கும் ஏற்றது. அதில் சிறிய மீன் மாட்டினாலும் கை சிலிர்க்கும். பெரிய மீன்தான் வேண்டும் என்ற பேராசை குறையும்.

அடுத்த முறை பிள்ளையோடு கடைக்குப் போகும் அப்பா, "சுறாவைத் தூக்குமா?" என்று கேட்க வேண்டாம். "அரைப் பவுன் எடையை வீசுமா?" என்று கேட்கட்டும். பரண் மேல் ஏறாத கம்பு வீட்டுக்கு வரும்!