தேரிக்காடு பைக் ஓட்டும் மைதானமா?

சனி, ஞாயிறானால் தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காட்டுக்குப் போய், செம்மண் மேட்டில் பைக் ஏற்றி, கூடாரம் போட்ட படங்களை நம் பிள்ளைகள் சிலர் பதிவிடுகிறார்கள். "ஆளில்லாத பாலைவனம்" என்று தலைப்பு வேறு!

ஆளில்லாத இடமா அது? சுற்றிலும் திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம். பனையேறிகள் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சும் பூமி. அந்த மணலைப் பிடித்து வைத்திருப்பவை பனையும் உடைமரமும் தரையில் படரும் செடிகளும்தான். சக்கரம் வேரை அறுத்தால், ஆடிக்காற்று மணலை வாரித் தோட்டங்களில் கொட்டும்.

"இரண்டு நாள் ஜாலிதானே சார்" என்பீர்கள். ஓமந்தூரில் உங்கள் அப்பாவின் மணிலாக் கொல்லையில் எவனாவது ஜாலியாக பைக் ஓட்டினால் விடுவீர்களா?

போங்கள், நடந்து பாருங்கள், கருப்பட்டி வாங்கி வாருங்கள். வண்டி தார்ச்சாலையிலேயே நிற்கட்டும்.